நாளுக்கு 14 விநாடி முந்துகிற வாட்ச்: புதிய சீகோ 5 பற்றி

எங்கள் வாட்ச் குழுவில் வந்த கேள்வி, மார்ச் 8

"ஐந்நூறு ரூபாய் பேட்டரி வாட்ச் மாதத்துக்கே பத்துப் பதினைந்து விநாடிதான் தப்பும். ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒரே நாளில் அவ்வளவு தப்புகிறது, விலையோ நாற்பது மடங்கு. வாங்கினவர்கள் மனசாட்சியோடு சொல்லுங்கள், இது நேரம் பார்க்கிற பொருளா, கையில் போடுகிற நகையா?"

மார்ச் 8, இரவு

இரண்டும்தான். ஆனால் நேரம் பார்க்கிற பொருள் என்ற பக்கத்தை நீங்கள் ரொம்பச் சீக்கிரம் தள்ளிவிட்டீர்கள்.

நான் வாங்கியிருப்பது சீகோ 5 ஸ்போர்ட்ஸ். நீல டயல், 40 மில்லிமீட்டர், உள்ளே 4ஆர்36 மெஷின். பேட்டரி கிடையாது. கை அசைய அசைய ஸ்பிரிங் தானாக இறுகும். போட்டுக்கொள்ளாவிட்டால் சுமார் 41 மணி நேரம் ஓடி நின்றுவிடும்.

இப்போதைக்கு நாளுக்கு 14 விநாடி முந்துகிறது. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. அதில் 14 என்றால் பத்தாயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. கோயம்புத்தூரில் ஒரு பட்டறையின் இன்ஸ்பெக்‌ஷன் அறையில் வேலை பார்க்கிறேன், எனக்கு இந்தக் கணக்கு இப்படித்தான் புரிகிறது: 100 மில்லிமீட்டர் ஜாப், அதாவது கடைந்தெடுத்த உறுப்பு ஒன்றில் 16 மைக்ரான் பிசகு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெறும் இரும்பும் பித்தளையும் ஸ்பிரிங்கும் மட்டும் வைத்துக்கொண்டு, கையை வீசி நடக்கிற ஒருவனின் மணிக்கட்டில் இருந்தபடி, இராப்பகலாக இந்த அளவுக்குள் நிற்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 9

அழகைப் பற்றி நேற்று ஒன்றுமே எழுதவில்லை. அதையும் சொல்ல வேண்டும், முதலில் கண்ணில் படுவது அதுதானே.

நீலம் வீட்டுக்குள் ஏறக்குறையக் கறுப்பாகத் தெரிகிறது. வெயிலில் நீட்டினால்தான் திறக்கிறது. விநாடி முள் பேட்டரி வாட்ச் போல விநாடிக்கு ஒரு குதி குதிப்பதில்லை, விநாடிக்கு ஆறு சிறு அடி வைத்து நகர்கிறது. உள்ளே முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 21,600 முறை அசைவதால் வருகிற ஆறு அது. ஒரு நாளுக்குக் கணக்குப் போட்டால் 5,18,400. டயலைவிட இந்த எண்ணை நினைத்தபடிதான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சாவி நான்கு மணிப் பக்கத்தில் இருக்கிறது, மணிக்கட்டை மடக்கினால் புறங்கையில் குத்துவதில்லை. இருட்டில் முள்கள் நன்றாக ஒளிர்கின்றன. கண்ணாடி சஃபையர் அல்ல, ஹார்ட்லெக்ஸ் என்று சீகோ சொல்லும் கடினமாக்கிய கண்ணாடி. கீறல் விழலாம், தட்டினால் சட்டென்று உடையாது. 100 மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். மழைக்கும் கிணற்றுக்கும் அது தாராளம், சாவியை முழுதாக உள்ளே தள்ளியிருக்கிற வரைக்கும்.

மார்ச் 12

செயின் பெரிதாக இருந்ததால் இரண்டு லிங்க் எடுக்கக் கடைக்குப் போனேன். எந்தக் கடை என்பது முக்கியமில்லை. இனிமேல் எடுக்கப் போகிறவர்கள் இதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: லிங்கின் உள்பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும், லிங்கைக் கோக்கிற சின்ன ஊசி அந்தத் திசையில்தான் வெளியே வரும். கடைக்காரர் எதிர்ப்பக்கமிருந்து தட்ட ஆரம்பித்தார். "அண்ணா, அம்பு அந்தப் பக்கமுங்க" என்று நான் சொல்வதற்குள் லேசாக ஒரு கோடு விழுந்துவிட்டது. அவர் வருத்தப்பட்டார், எனக்கும் வருத்தம்தான். உள்பக்கம் என்பதால் வெளியே தெரியவில்லை.

மார்ச் 15

இனி அசல் விஷயம். எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

சாவியை இழுத்தால் இதில் விநாடி முள் நிற்கும், அதனால் துல்லியமாக நேரம் வைக்க முடிகிறது. டெல்லியில் இருக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகம்தான் சீசியம் அணுக்கடிகாரங்களை வைத்து நம் நாட்டின் நேரத்தைக் காக்கிறது. அவர்கள் இணையதளத்தில் அந்த நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அதைத் திரையில் வைத்து, வாட்சையும் பக்கத்தில் பிடித்து ஒரு போட்டோ எடுத்துவிடுவேன். வித்தியாசத்தை நோட்டில் எழுதிக்கொள்வேன். காலையில் எழுந்ததும் ஒரு தடவை, இரவு கழற்றும்போது ஒரு தடவை.

இப்படி இரண்டாகப் பிரித்ததும்தான் ஒன்று தெரிந்தது. பகலில் கையில் இருக்கும்போது 8 விநாடி முந்துகிறது. இரவில் டயல் மேலே பார்க்க மேசையில் கிடக்கும்போது 6 விநாடி முந்துகிறது. இரவு நேரம் குறைவு, ஆகவே மணிக்கு இவ்வளவு என்று பார்த்தால் சும்மா கிடக்கும்போதுதான் வேகம் அதிகம்.

மார்ச் 16

ஏன் அப்படி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

வாட்ச் மல்லாந்து கிடக்கும்போது பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு ஒரே ஒரு முனையில், தேய்மானத்தைக் குறைக்க வைத்திருக்கிற சின்னக் கல்லின் மேல் நிற்கிறது. உராய்வு குறைவு, சக்கரம் நன்றாக வீசி ஆடும். பக்கவாட்டில் நிறுத்தினால் அச்சின் இரண்டு முனைகளும் கல்லின் ஓரத்தில் படுத்து உரசும். வீச்சு குறையும். சக்கரத்தின் எடை எங்காவது துளி கூடுதலாக இருந்தால் புவியீர்ப்பு அதையும் பிடித்துக்கொள்ளும். சக்கரத்தை ஆட்டிவைக்கிற முடி போன்ற சுருள், ஹேர்ஸ்பிரிங், அதுவும் தன் எடையால் ஒரு பக்கம் இம்மி தொய்யும். இதெல்லாம் சேர்ந்துதான் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வேகம். எந்த மெக்கானிக்கல் வாட்சிலும் இது உண்டு. விலை உயர்ந்தவற்றில் ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு நிலையிலும் சரிபார்த்து வித்தியாசத்தைக் குறைத்திருப்பார்கள். வாட்சின் துல்லியத்துக்குத் தருகிற சுவிட்சர்லாந்தின் கோஸ்க் சான்றிதழுக்கு ஐந்து நிலைகளிலும் மூன்று வெப்பநிலைகளிலும் சோதித்து, சராசரி நாளுக்கு மைனஸ் 4 முதல் ப்ளஸ் 6 விநாடிக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். 4ஆர்36க்கு சீகோ சொல்வது மைனஸ் 35 முதல் ப்ளஸ் 45 வரை. விலைக்கு ஏற்ற வாக்குறுதிதான், ஆனால் பலருக்கு அதைவிட நன்றாகவே ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மார்ச் 23

செயினை மாட்டிப் பக்கவாட்டில், சாவி மேலே இருக்கும்படி நிறுத்தி வைத்துத் தூங்கினேன். காலையில் பார்த்தால் 3 விநாடி பின்தங்கியிருக்கிறது. பகலில் 8 கூடுகிறது, இரவில் 3 குறைகிறது, ஆக நாளுக்கு 5. எதையும் திறக்கவில்லை, திருகவில்லை, இரவில் வைக்கிற விதத்தை மாற்றினேன், அவ்வளவுதான்.

கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில் இங்கேதான் தொடங்குகிறது. எங்கள் அறையில் டயல் கேஜ் என்கிற அளவுக் கருவி ஒன்று எப்போதும் 10 மைக்ரான் கூட்டியே காட்டுகிறது என்று வையுங்கள். அதை வைத்து நிம்மதியாக வேலை செய்யலாம், பத்தைக் கழித்தால் போதும். இன்னொன்று ஒரு தடவை 3 கூட்டும், மறு தடவை 4 குறைக்கும். பிசகு சின்னதுதான், ஆனால் அந்தக் கேஜை நம்பி ஒரு ஜாபைக்கூடப் பாஸ் பண்ண முடியாது. வாட்சையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். எவ்வளவு முந்துகிறது என்பது இரண்டாவது கேள்வி. இன்றைக்கும் நேற்றைப் போலவே முந்துகிறதா என்பதுதான் முதல் கேள்வி. என் நோட்டில் பகல் கணக்கு 7க்கும் 9க்கும் நடுவிலேயே நிற்கிறது. இது நல்ல மெஷின்.

மார்ச் 24

சுருக்கமாக ஒன்று. "காலையில் எழுந்தால் நின்று கிடக்கிறது, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை" என்று எழுதியவருக்கு: கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே வேலை என்றால் கை அசைவு போதாது. காலையில் போடும்போது சாவியை இருபது முப்பது சுற்றுத் திருகுங்கள். உங்களுடையதும் 4ஆர் மெஷின்தான், கையால் சாவி கொடுக்கலாம். பழைய 7எஸ்26 ஆக இருந்தால் அதற்கு அந்த வசதி கிடையாது, ஆட்டித்தான் ஏற்ற வேண்டும். ஸ்பிரிங் ஓரளவு நிறைந்திருக்கும்போதுதான் வேகமும் ஒரே சீராக இருக்கும். இறங்க இறங்க வீச்சு குறைந்து கணக்கு மாறும்.

மார்ச் 30

பின்மூடி கண்ணாடி. கழற்றும்போதெல்லாம் திருப்பிப் பார்க்கிறேன்.

அரைவட்ட எடை ஒன்று சுற்றுகிறது. அது எந்தப் பக்கம் சுற்றினாலும் ஸ்பிரிங் ஏறுகிறது. இதற்கு மற்ற கம்பெனிகள் வேறு வேறு சக்கர ஏற்பாடுகள் வைத்திருக்க, சீகோ 1959இல் ஒரு சின்ன நெம்புகோலைக் கொண்டுவந்தது. மேஜிக் லீவர் என்று பெயர். எடையோடு சுற்றும் சக்கரத்தில் மையம் விலகிய ஒரு முளை. அந்த முளையில் கவை போல இரண்டு விரல் கொண்ட ஒரு தகடு. எடை எந்தத் திசையில் போனாலும் தகடு முன்னும் பின்னும் போய்வரும். ஒரு விரல் பல்சக்கரத்தை இழுக்கும், மற்றது தள்ளும். பல்சக்கரமோ ஒரே திசையில்தான் நகரும். இவ்வளவுதான் சமாச்சாரம். குறைந்த உறுப்பு, குறைந்த விலை, தேய்மானமும் குறைவு. 1963இல் வந்த முதல் சீகோ 5க்கு முன்பே பிறந்து இன்றும் என் கையில் அதே தத்துவத்தில் ஓடுகிறது. வரைபடம் போடுகிற யாருக்கும் இதைப் பார்த்தால் பொறாமை வரும், எனக்கு வந்தது.

இதைக் கண்ணாடி வழியாகப் பார்க்க முடியாது, எடைக்கும், சக்கரங்களைப் பிடித்திருக்கிற தகட்டுக்கும் கீழே ஒளிந்திருக்கிறது. பார்க்க முடிவது பேலன்ஸ் சக்கரம். அதுவே போதும்.

ஏப்ரல் 6

"அப்படியானால் பேட்டரி வாட்ச்தானே ஜெயித்தது" என்கிறீர்கள். ஆமாம், ஜெயித்தது. அதில் வாதமே இல்லை. குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது, இதுவோ விநாடிக்கு ஆறு அடி. போட்டியே கிடையாது. முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான அஸ்ட்ரானை 1969 டிசம்பர் 25 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்ததும் இதே சீகோதான். அன்றைய விலை 4,50,000 யென். மெக்கானிக்கல் வாட்சை வீழ்த்திய கம்பெனியே மெக்கானிக்கல் வாட்சையும் விடாமல் செய்துகொண்டிருக்கிறது. எனக்கு அந்தக் கம்பெனியின் மேல் இதனால்தான் கூடுதல் மரியாதை.

ஆனால் ஒன்று. பேட்டரி வாட்ச் தப்பினால் ஏன் தப்புகிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியாது. இதில் முடிகிறது. எப்படி வைத்தேன், எவ்வளவு நடந்தேன், எதன் பக்கத்தில் கொண்டுபோனேன் என்பதெல்லாம் நோட்டில் தெரிகிறது. எனக்கு அந்த 14 விநாடி ஒரு தகவல்.

ஏப்ரல் 11

எதன் பக்கத்தில் கொண்டுபோனேன் என்று எழுதினேன் அல்லவா, காந்தத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் இடத்தில் காந்தம் இல்லாத மூலை குறைவு. கிரைண்டிங் மெஷினில் ஜாபைப் பிடித்து நிறுத்துகிற மேக்னெட்டிக் சக், என் மேசையில் டயல் கேஜ் ஸ்டாண்டின் அடியில் மேக்னெட்டிக் பேஸ். சுற்றுகிற மெஷின் பக்கம் வாட்ச், மோதிரம், தொங்குகிற கை எதுவும் கூடாது என்பது எப்போதும் உள்ள விதி, அதனால் மெஷினுக்குப் போகும்போது கழற்றிவிடுவேன். ஸ்டாண்டைத் தொடும்போதும் கழற்றித் தள்ளி வைக்கிறேன்.

கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் வேறு கம்பெனி ஆட்டோமேட்டிக் இருக்கிறது. நேற்று காட்டினார், நாளுக்கு நான்கைந்து நிமிடம் முந்துகிறதாம். "மெஷின் போச்சுடா தம்பி, தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றார். பழைய காந்த ஊசித் திசைகாட்டி ஒன்றைக் கொண்டுவந்து வாட்சை அதன் மேல் மெல்ல நகர்த்தினோம். ஊசி வாட்ச் போகிற பக்கமெல்லாம் திரும்பியது. ஹேர்ஸ்பிரிங் காந்தமேறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டப் பார்க்கும், ஸ்பிரிங் நீளம் குறைந்தது போலாகும், சக்கரம் வேகமாக ஆடும். விநாடிக் கணக்கில் இல்லாமல் நிமிடக் கணக்கில் திடீரென்று முந்த ஆரம்பித்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வாட்ச் ரிப்பேர் கடையில் இதற்கென்று சின்னப் பெட்டி உண்டு. உள்ளே மாறுமின்னோட்டச் சுருள். வாட்சை அதன் மேல் காட்டி, சுவிட்சை அழுத்தியபடியே மெதுவாகக் கை நீளத்துக்கு விலக்க வேண்டும், அதன் பிறகுதான் சுவிட்சை விட வேண்டும். அப்படியே காந்தம் இறங்கிவிடும். ஒரு நிமிட வேலை. அண்ணனின் வாட்ச் இன்றைக்குச் சாதாரணமாக ஓடுகிறது.

போன் ஸ்பீக்கர், காதில் மாட்டும் கருவியின் டப்பா, காந்த மூடி உள்ள கைப்பை, இவற்றின் மேல் வாட்சை வைக்காதீர்கள். பலர் இரவில் போன் மேலேயே கழற்றி வைக்கிறீர்கள் என்று போட்டோக்களில் தெரிகிறது.

ஏப்ரல் 19

வெயில். வெளியே 37 டிகிரி, எங்கள் அளவை அறை எப்போதும் 20 டிகிரி. தினமும் இந்த இரண்டுக்கும் நடுவே போய்வருகிற வாட்சில் கணக்கு மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை, சொல்லப்போனால் ஒரு விநாடி இங்கே அங்கே. கையில் இருக்கும் வரை தோலின் சூடு அதை ஒரே நிலையில் வைத்துக்கொள்கிறது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் ஹேர்ஸ்பிரிங்கின் உலோகம். வெப்பம் ஏறினாலும் விறைப்பு மாறாத நிக்கல் எஃகுக் கலவையை கியோம் என்ற அறிஞர் கண்டுபிடித்தார். அவருடைய நிக்கல் எஃகு ஆராய்ச்சிகளுக்காக 1920இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னால் வெப்பத்தைச் சமாளிக்க இரண்டு உலோகங்களை ஒட்டி, வெட்டுவிட்ட பேலன்ஸ் சக்கரம் செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் அறைக்கு ஏசி போட்டு 20 டிகிரியில் நிறுத்திச் சாதிப்பதை, முடி போன்ற ஒரு ஸ்பிரிங் கலவையாலேயே சாதிக்கிறது.

ஏப்ரல் 20

எச்எம்டி பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். என் அப்பாவிடம் இருந்தது எச்எம்டி ஜனதாதான். ஆட்டோமேட்டிக் அல்ல, தினமும் காலையில் சாவி கொடுக்கிற வாட்ச். வானொலியில் நேரம் சொல்வதற்கு முன் வரும் பீப் ஒலிக்குச் சரியாக முள்ளை வைப்பார். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய தயாரிப்பு அது. பதினேழு கல் மெஷின், இன்றைக்கும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

புதிது போல ஆன்லைனில் மலிவாக வருகிற பழைய எச்எம்டிகளை வாங்குமுன் டயலை உற்றுப் பாருங்கள். எழுத்து தடித்தோ கலங்கியோ இருந்தால் மறுபடி பெயின்ட் அடித்தது. எச்எம்டி போடாத நிறங்களெல்லாம் வருகின்றன. மூன்று வாட்சிலிருந்து எடுத்து ஒன்றாகச் சேர்த்ததாகவும் இருக்கலாம். வீட்டு பீரோவில் தாத்தாவுடையது கிடந்தால் அதைச் சர்வீஸ் செய்யுங்கள், அதுதான் நிஜமானது. திறந்து ஆயில் போடாமல் வேகமாகத் திருகிப் பார்க்காதீர்கள். உலர்ந்துபோன ஆயிலோடு ஓடினால் அச்சு தேயும்.

மே 1

விடுமுறை. காலையில் பார்த்தால் தேதி 31. ஏப்ரலுக்கு 30 நாள் என்பது இதற்குத் தெரியாது. 31 இல்லாத மாதம் முடியும்போதெல்லாம் நாம்தான் தள்ள வேண்டும். இது குறையென்று ஒருவர் எழுதியிருக்கிறார், எனக்கு அப்படித் தோன்றவில்லை, மாதம் பிறந்ததை என் கையால் செய்து முடிக்கிற ஒரு வேலையாக இருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 4 மணிவரை தேதியைச் சாவியால் மாற்ற வேண்டாம். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் ஏற்கெனவே கடித்துக்கொண்டிருக்கும். நாம் வேறு பக்கமிருந்து தள்ளினால் பல் உடையலாம். எந்த நேரம் என்று குழப்பமாக இருந்தால் முள்ளை முதலில் ஆறு மணிக்குக் கொண்டுபோய்விட்டு மாற்றுங்கள்.

மே 4

மார்ச் 23 அன்று எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். பக்கவாட்டில் வைத்தால் 3 குறைகிறது என்றது, முழு நாள் வேலை செய்துவிட்டு ஸ்பிரிங் நிறைந்திருக்கும்போது எடுத்த கணக்கு. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்துவிட்டு, வாட்சைக் கொஞ்ச நேரம்தான் போட்டிருந்தால், அதே இரவில் அதே நிலையில் 5 வரை போகிறது. ஆக நிலை மட்டும் போதாது, ஸ்பிரிங் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் எண்ணுக்கு அர்த்தம். இப்போது ஞாயிறு மாலை கொஞ்சம் சாவி கொடுத்துவிட்டு வைக்கிறேன், பழையபடி 3க்கு வந்துவிட்டது.

போனில் ஆப் வைத்து மைக்கில் டிக் சத்தம் கேட்டு அளப்பதும் நடக்கிறது. வீச்சைக் கணக்கிட ஆப் கேட்கிற, மெஷினுக்கு மெஷின் மாறுகிற கோணம்தான் லிஃப்ட் ஆங்கிள். 4ஆர்36க்கு அதை 53 டிகிரி என்று போட வேண்டும், இல்லாவிட்டால் வீச்சின் அளவு தப்பாகக் காட்டும். வீட்டில் ஃபேன் ஓடினால் ஆப் திணறுகிறது. நான் அதைச் சும்மா ஒப்பிடத்தான் பயன்படுத்துகிறேன். ஆப் சொல்வது அந்த அரை நிமிடத்தின் வேகம், நோட்டில் இருப்பது முழு நாள் ஓடிய கணக்கு.

மே 11

கடைசியாக வந்த கேள்வி: பின்மூடியைத் திறந்து, நாளுக்கு இன்னும் முந்துகிற அந்த 5 விநாடியையும் சரிசெய்யலாமா?

என்னுடையதைத் திறக்கப் போவதில்லை. உள்ளே வேகத்தை மாற்றும் நெம்பு இருக்கிறது, இம்மி அசைத்தாலே பல விநாடி மாறும், பக்கத்திலேயே ஹேர்ஸ்பிரிங். கை நடுங்கினால் முடிந்தது. தவிர, திறந்து மூடினால் ரப்பர் வளையத்தைச் சரியாக உட்காரவைத்து நீர்ச் சோதனை செய்ய வேண்டும். சில வருடம் கழித்து சர்வீஸுக்குக் கொடுக்கும்போது இந்த நோட்டையும் சேர்த்துக் கொடுப்பேன். கையில் இவ்வளவு, மல்லாந்தால் இவ்வளவு, பக்கவாட்டில் இவ்வளவு என்று தெரிந்தால் ரிப்பேர் செய்கிறவருக்கு எங்கே தொடவேண்டும் என்பது புரியும்.

இனி இங்கே தங்கள் வாட்ச் கணக்கை எழுதுகிறவர்கள் "ப்ளஸ் 12" என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன மெஷின், எவ்வளவு நேரம் கையில் இருந்தது, இரவு எப்படி வைத்தீர்கள், சாவி கொடுத்தீர்களா, இவற்றையும் சேர்த்து எழுதுங்கள். 7எஸ்26 வைத்திருப்பவர்களின் கணக்கு எனக்கு முக்கியமாக வேண்டும். பக்கவாட்டு நிலையில் அதுவும் இதே போலப் பின்தங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.